மறுபாதி சொல்ல ஓர் ஆள்

2025 தவக்காலத்தில் பக்கத்துப் பங்குக் கோவில் ஒன்றில் குணமளிக்கும் தியானம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர், மறதி நோய் ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறதென்றால் தலைமுறைச் சாபம்தான் காரணம் என்று மேடையில் சொன்னார். மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் யாரோ செய்த பாவம் அறிக்கையிடப்படாமல் கிடக்கிறதாம், அதை முறித்தால் நோய் விலகுமாம். அம்மா அந்தக் கூட்டத்தில் இருந்தாள். மறதி நோயில் இருக்கிற ஆச்சியை, அப்பாவைப் பெற்றவளை, என் பொறுப்பில் விட்டுவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வெளியே போயிருந்தாள். திரும்பி வந்தவள் சாபத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது குழாயை அடைத்துவிட்டு, "அத்தை சேசுவையே மறந்துட்டாவன்னா அவுக ஆத்துமா என்னட்டி ஆகும்?" என்று கேட்டாள்.

சாபக் கதைக்குப் பதில் சொல்வதில் எனக்குச் சிரமம் இல்லை. யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் செய்தது இவரா, இவரைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவருமே இல்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். தகப்பன் செய்த பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 அதற்கும் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியாயிற்று. தலைமுறைக் குணமாக்கல் என்ற பெயரில் நடக்கும் செபங்களை ஏற்க முடியாது என்று ஸ்பெயின் ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 2024-இல் குறிப்பே வெளியிட்டது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர், என்று 2023-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அத்தனை லட்சம் வீடுகளும் சபிக்கப்பட்ட வீடுகளா? வயதான மூளையில் வரும் நோயைக் காட்டி, ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடக்கிற குடும்பத்தின் தலையில் பாவப்பழியையும் ஏற்றுவது கொடுமை. மேடையில் நின்று அதைச் சொல்கிறவர்கள் ஒரே ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் ஆச்சியோடு கண்விழித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாகவே இருந்தது.

அம்மாவின் கேள்வி அப்படித் தள்ளிவிடக்கூடியதாக இல்லை. ஞானோபதேச வகுப்பில் எங்களுக்கு விசுவாசம் மனப்பாடமாகத்தான் வந்தது. பத்துக் கட்டளை, ஏழு அருட்சாதனம், விசுவாசப் பிரமாணம். முதல் நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, முன்னால் சாமியார் கேட்பார், தடுமாறாமல் சொன்னால் நன்மை உண்டு. உறுதிபூசுதலுக்கும் அதே கதை. தெரிந்திருக்க வேண்டும், ஏற்றுக்கொள்ள வேண்டும், வாயால் அறிக்கையிட வேண்டும். அப்படியானால் தெரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே போகிற ஒருத்தியிடம் என்ன மிச்சம் இருக்கும்? சிலுவையைக் காட்டினால் "இது யாரு, பாவம்?" என்று கேட்கிறவள் விசுவாசியா? நாள் முழுக்க மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும்போதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆச்சியின் சாயங்காலங்கள்

ஆச்சிக்குப் பிறந்த ஊர் காமநாயக்கன்பட்டி. வீரமாமுனிவர் ஊழியம் செய்த ஊர், ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்கு இன்றைக்கும் கூட்டம் கூட்டமாகச் சனம் போகிற ஊர். கல்யாணம் முடிந்து பாளையங்கோட்டைக்கு வந்தவள் கடைசிவரை ஊர் என்றால் அதைத்தான் சொன்னாள். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அந்தக் காலத்தில் தீப்பெட்டி வேலை தெரியாத வீடு குறைவு. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, அவளும் அக்காமாரும் பெட்டி ஒட்டுவார்களாம். அவளுடைய அம்மா செபமாலையை முன்சொல்ல, பிள்ளைகள் பசைக் கையோடு பின்சொல்லுவார்களாம். பூசை அப்போது லத்தீனில். மாதா பிரார்த்தனையில் மறுமொழியாக "ஓரா புரோ நோபிஸ்" (எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்) என்று பாடியதை, பொருள் தெரியாமலே பாடியதை, நல்ல நினைவில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் காட்டுவாள்.

நோய் முதலில் பேரப்பிள்ளைகளின் பெயரை எடுத்தது. அப்புறம் அடுப்பை அணைக்க வேண்டும் என்ற நினைவை எடுத்தது. அப்புறம் இந்த வீட்டையே எடுத்துவிட்டது. மாத்திரை அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கலாம், போனதைத் திருப்பித் தராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அண்மையில் சேர்ந்தவை முதலில் போகும், சின்ன வயதில் பதிந்தவை ரொம்ப நாள் நிற்கும் என்றும் சொன்னார். பொழுது சாய்ந்தால் ஆச்சிக்கு நிலைகொள்ளாது. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடப்பாள். "ஏட்டி, இருட்டுதுல்லா, வீட்டுக்குப் போவோம். எங்கம்ம தேடுவா" என்று என் கையைப் பிடித்து இழுப்பாள். இதுதான் வீடு என்று சொன்னால் அழுவாள். கம்மலை எடுத்துவிட்டாள் என்று அம்மாவைப் பார்த்துச் சத்தம் போடுவாள், கம்மல் அவள் காதிலேயே இருக்கும். குளிக்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நோயாளியைப் பற்றிப் பேசுகிற பிரசங்கங்களில் நோயாளி எப்போதும் கட்டிலில் அமைதியாகச் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவர்களும் இருக்கலாம். எங்கள் ஆச்சி அப்படி இல்லை.

ஆனால் அந்தச் சாயங்காலங்களில்தான் இன்னொன்றும் நடந்தது. நடந்து களைத்து உட்கார்ந்த பிறகு அவளுடைய விரல்கள் மடியில் எதையோ மடித்து ஒட்ட ஆரம்பிக்கும். இல்லாத அட்டை, இல்லாத பசை. கை அந்த வேலையில் இறங்கியதும் வாய் திறக்கும், செபமாலையின் மரியே வாழ்க செபம், பழைய தமிழில்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க! கர்த்தர் உம்முடனே..." ஒரு சொல் தப்பாது. "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய சேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவர்" வரைக்கும் வந்து நின்றுவிடுவாள். நின்று எங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

நாங்கள் எங்களுக்குத் தெரிந்த புதிய தமிழில் "புனித மரியே, இறைவனின் தாயே" என்று தொடர்வோம். வீட்டில் அப்பா முதற்கொண்டு எல்லாரும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தோம். ஆச்சியும் எங்களோடு ஐம்பது வருசத்துக்குக் கிட்ட அதையேதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த வருசங்கள் அவளிடம் இப்போது இல்லை. அவள் புருவத்தைச் சுருக்கி, நாங்கள் பேசியது காதிலேயே விழாததுபோல், மறுபடியும் "பிரியதத்தத்தினாலே" என்று முதலிலிருந்து தொடங்குவாள். மறுபடி அதே இடத்தில் நிற்பாள். பாதிச் செபத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கடைசியில் எரிச்சலில் எழுந்துவிடுவாள். அம்மாவுக்கு அதுதான் பெரிய பயம். செபம்கூட அத்தைக்கு முடியவில்லையே என்று.

தவக்காலம் முடிவதற்குள் ஒரு நாள் மரியாயின் சேனை என்ற பங்குச் சபையிலிருந்து இரண்டு பேர் நோயாளிகளைச் சந்திக்க வந்தார்கள். ஒருவர் ஆச்சி வயதை ஒட்டியவர், காலை நீட்டித்தான் உட்கார முடியும். ஆச்சி வழக்கம்போலத் தொடங்கி, வழக்கமான இடத்தில் நின்றாள். அந்த அம்மா யோசிக்கக்கூட இல்லை. "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும், ஆமென் சேசு" என்று ஒரே ராகத்தில் இழுத்து முடித்தார். ஆச்சி தலையை ஆட்டிவிட்டு அடுத்த மணிக்குப் போனாள். கையில் மணியே இல்லை, ஆனாலும் போனாள். அடுத்தது, அதற்கடுத்தது. பத்து மணிகள் முடிந்து திரித்துவப் புகழ்ச்சியும் முடிந்தது. நாங்கள் மூன்று பேரும் வாய்மூடிக் கேட்டுக்கொண்டு நின்றோம். அன்று அவள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்கவே இல்லை.

மறுநாளே அட்டை கிழிந்த ஒரு பழைய செபப்புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். அர்ச்சியசிஷ்ட மரியாயே முழுவதையும், பரலோக மந்திரத்தின் (பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே) பழைய வடிவத்தையும், செபமாலையில் தியானிக்கிற சந்தோஷ, துக்க, மகிமைத் தேவ இரகசியங்களையும் படித்துப் பாடமாக்கினேன். வியாழக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் குழப்பம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் (இரண்டாம் ஜான் பால்) 2002-இல் வியாழனுக்கென்று சேர்த்த ஒளியின் மறையுண்மைகள் ஆச்சியின் கணக்கிலேயே கிடையாது. வியாழனிலும் அவள் போகிற பாதையிலேயே நானும் போகிறேன்.

யாருடைய விசுவாசம்

செபமாலை இரண்டு பேருக்கான செபம் என்பது அதுவரை எனக்கு உறைத்ததில்லை. ஒருவர் பாதி சொல்ல மற்றவர் பாதி சொல்லுகிற பழக்கத்தில் குடும்பம் குடும்பமாக, தெருத் தெருவாக அதைச் சொல்லிவருகிறோம். தனியாகச் சொன்னாலும் செபம் செபம்தான். ஆனால் ஆச்சி கற்றுக்கொண்டது தனியாக அல்ல. அவளுக்குள் பதிந்திருப்பது பாதிச் செபமும், மீதியைச் சொல்ல ஆள் இருக்கிறது என்ற உறுதியும். அந்த இடத்தில் வந்து அவள் நின்றதை மறதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவள் எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்து, கட்டிலோடு கீழே இறக்குகிறார்கள். அங்கே இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவர் என்ன நம்பினார், எதையாவது நம்பினாரா என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் வாய் திறந்ததாகவே இல்லை. எத்தனையோ முறை பூசையில் கேட்ட வாசகம். குணமானது மட்டும்தான் பிரசங்கங்களில் பெரிதாக வரும். கூரை ஏறிய நான்கு பேரின் விசுவாசம் கட்டிலில் கிடந்தவரின் கணக்கில் சேர்ந்ததை யாரும் நிறுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை.

யோசித்துப் பார்த்தால் நம் திருச்சபையின் முதல் வாசலே அப்படித்தான் இருக்கிறது. பால்குடிக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று பிள்ளையா சொல்கிறது? பெற்றவர்களும் ஞானத்தாய் ஞானத்தகப்பனும் சொல்கிறார்கள். தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை வீறிட்டு அழுகிறது. அதைக் கிறிஸ்தவப் பிள்ளை என்று அழைக்க நாம் தயங்குவதில்லை. அறிவு வருவதற்கு முன்னால் பிறர் வாயால் ஏற்கப்பட்ட விசுவாசம் செல்லும் என்றால், அறிவு போன பிறகு பிறர் வாயில் நிற்கிற விசுவாசமும் செல்லும். அதுவும் ஆச்சி வெறுங்கையோடு நிற்கவில்லை. நடுவில் எண்பது வருச வாழ்க்கை இருக்கிறது.

அதே தவக்காலத்தில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் கிடந்தார். பிப்ரவரி 14-இல் சேர்த்தார்கள், இரண்டு நுரையீரலிலும் நிமோனியா, 38 நாள். பிப்ரவரி 24 முதல் ஒவ்வோர் இரவும் புனித பேதுரு சதுக்கத்தில் அவருக்காகச் செபமாலை சொன்னார்கள். மார்ச் 6 இரவு அவர் பதிவு செய்து அனுப்பிய குரலை அங்கே ஒலிபரப்பினார்கள். மூச்சு இரைக்க இரைக்க நன்றி சொன்ன அந்தக் குரலைக் கைப்பேசியில் கேட்டு அம்மா அழுதாள். ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறன்று பேராலய மாடத்துக்கு வந்தவர் பலவீனமான குரலில் சுருக்கமாக வாழ்த்தினார். எழுதிவைத்திருந்த செய்தியை வேறொருவர் வாசித்தார். மறுநாள் காலையில் இறந்துபோனார். இருபது வருசத்துக்கு முன்னால், 2005 உயிர்ப்பு ஞாயிறன்று, இரண்டாம் அருள் சின்னப்பர் சன்னலுக்கு வந்து பேச முயன்று குரல் வராமல் கையால் மட்டும் ஆசீர் கொடுத்துவிட்டுப் போனார். உலகமே பார்க்க இரண்டு பேருடைய குரலும் ஒடுங்கிப்போனது. ஆசீர் நிற்கவில்லை, செய்தியும் நிற்கவில்லை. சதுக்கத்தில் இருந்தவர்கள் மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதைத்தான் அம்மாவிடம் சொன்னேன், இவ்வளவு கோவையாக இல்லாவிட்டாலும். "அத்தை மறந்தது அத்தை கையிலிருந்து போனதுதான்ம்மா. நம்ம கையில இருக்கில்லா" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் செபமாலையில் பழைய பாதியை அவளும் என்னோடு சேர்ந்து சொன்னாள்.

எண்ணெய்

பங்குச்சாமியாரை வரச்சொல்லி நோயில்பூசுதல், நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம், கொடுக்கலாம் என்று நான் பேச்செடுத்தபோது பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னும் அந்த நெலமைக்கு வரலை" என்றார். எங்கள் சனத்துக்குள் இந்தப் பயம் ஆழமாகக் கிடக்கிறது. அவஸ்தைப் பூசுதல் என்று சொல்லிய காலத்து நினைவு. எண்ணெயோடு சாமியார் வாசலில் நின்றால் அடுத்தது பெட்டிதான் என்று நினைக்கிறார்கள். சாகக் கிடக்கிறவர்களுக்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல இது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே சொல்லி, 1972-இல் ஆறாம் பவுல் சடங்கு முறையையே மாற்றி எழுதினார். அரை நூற்றாண்டு கடந்தும் வீட்டுக்குள் அது வந்து சேரவில்லை.

பெரியப்பாவின் இன்னொரு வாதம் எனக்கு மேலும் வலித்தது. "அவளுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது. பூசி என்ன ஆகப்போகுது?" என்றார். சாமியாரிடம் இதைச் சொன்னதும் அவர் திருச்சபைச் சட்டத்தின் 1006-ஆம் எண்ணை எடுத்துக் காட்டினார். நல்ல நினைவோடு இருந்தபோது மறைமுகமாகவாவது இதைக் கேட்டிருந்த நோயாளிக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இன்றைக்குச் சம்மதம் கேட்டு நிற்பதில்லை, அவள் வாழ்ந்த வாழ்க்கையையே சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. மழையிலும் பூசையைத் தவறவிடாதவள் இதை விரும்பியிருப்பாளா என்று எங்கள் வீட்டில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெரியப்பாவும் அதற்கு மேல் பேசவில்லை.

சாமியார் நெற்றியில் பூசினார். கையைக் கேட்டபோது ஆச்சி இரண்டு கையையும் தானாகவே நீட்டினாள். குணமாகிவிட்டாளா என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். இல்லை. மறுநாளும் கம்மல் திருடு போனது. குணம் கேட்டுச் செபிப்பதை நான் குறைவாகப் பேச மாட்டேன், நானும் கேட்கிறேன், தினமும் கேட்கிறேன். 1858 முதல் இன்றுவரை லூர்துநகரில் புதுமை என்று திருச்சபை உறுதிசெய்த குணங்கள் எழுபதுக்குச் சற்று மேல்தான். அங்கே போய் வருகிறவர்களோ கோடிக்கணக்கானவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நோயோடுதான் வீடு திரும்புகிறார்கள், ஆனாலும் போகிறார்கள். அங்கே மாதாவின் காட்சி கண்ட பெர்னதெத்தே நோயில் கிடந்து 35 வயதில் இறந்தார். குணம் வராததை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் அவரிடம் என்ன சொல்லுவார்கள்?

அம்மாவின் ஞாயிறு

இன்னும் ஒன்று. ஆச்சிக்கு முதல் வெள்ளிதோறும் நற்கருணை வீட்டுக்கு வருகிறது. விழுங்கச் சிரமம் என்பதால் சிறு துண்டாக்கித் தண்ணீரோடு கொடுக்கிறார்கள். அம்மாவுக்குத்தான் ஞாயிறு பூசை இல்லாமல் போயிற்று. சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடுகிற ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் பூசை காணவில்லை என்பதை முதல் பாவமாகச் சொல்லிவந்தாள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது பாவமே அல்ல என்று சாமியார் பலமுறை சொன்ன பிறகும் அவள் மனம் ஆறவில்லை. நான் சட்டப் புத்தகத்தில் 1006-ஐத் தேடிப் படிக்கும்போது 919-ஆம் எண் கண்ணில் பட்டது. நற்கருணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. அதே வாக்கியத்தில், அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் உண்டு. அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். அவளை ஒருவர் நினைத்துப் பார்த்து, கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறார் என்பது அவளுக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

பங்கில் தெருவாரியாகக் கூடுகிற அன்பியக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அம்மாவைப் பார்த்து, நீங்க பெரிய சிலுவை சுமக்கீங்கக்கா என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சிரேனே ஊர் சீமோன் சிலுவையைப் புகழ்ந்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை, தோள் கொடுத்தார். இதை நான் கூட்டத்தில் எழுந்து நேராகவே கேட்டேன்: ஞாயிறு காலையில் ஒன்றரை மணி நேரம் யாராவது வந்து ஆச்சியோடு உட்கார முடியுமா? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எதிர்வீட்டு அக்கா, தான் சாயங்காலப் பூசைக்குப் போய்க்கொள்வதாகச் சொன்னார். அதன்பின் இன்னும் சிலர் முறைவைத்து வருகிறார்கள். வருகிறவர்களுக்கு அர்ச்சியசிஷ்ட மரியாயேயை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பூசைக்குப் புறப்படுவதற்குப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கண்ணாடி முன் நிற்கும் அம்மாவைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோசம். ஒரு குணமளிக்கும் தியானம் எங்கள் வீட்டுக்குக் கொடுத்ததைவிட இந்த ஒன்றரை மணி நேரம் கொடுத்தது அதிகம்.

இப்போது ஆச்சி புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறாள். செபமாலை முடிந்ததும் பரலோக மாதா தேர் மேல் ஒரு பாட்டு. தேர் வடத்தைப் பற்றி இரண்டு அடி பாடுகிறாள், அப்புறம் அதே மாதிரி நின்று பார்க்கிறாள். மூன்றாவது அடி எங்கள் யாருக்கும் தெரியவில்லை, செபப்புத்தகத்தில் இல்லை, மரியாயின் சேனை அம்மாவுக்கும் தெரியவில்லை. 1950-களில் காமநாயக்கன்பட்டித் தேரோட்டத்தில் பாடியதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் ஊகம். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டு ஆச்சியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.